உம்மாவின் வீடும் பிள்ளையின் படிப்பும்

ஒரு பிள்ளையின் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பாடசாலையைப் பற்றிப் பேசுவர். ஆசிரியரைப் பற்றிப் பேசுவர். பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் பற்றிப் பேசுவர். காலை 7.30 மணிக்கு வகுப்பறையில் வந்து அமரும் பிள்ளை, துயிலெழுந்து, குளித்து, உண்டு, உடுத்து, கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அங்கு வந்து சேர்வதற்கு முன் எத்துணை வேலை நடந்து முடிந்திருக்கிறது என்பதைப் பேசுவோர் மிகச் சிலரே. அவ்வேலையைச் செய்பவள் தாய். அவளுக்கு வரவுப் பதிவேடு இல்லை. தவணை விடுமுறை இல்லை. பரிசளிப்பு விழாவும் இல்லை. அத்தாயின் அன்றாட வாழ்வே இன்றைய பேச்சின் பொருள்.

அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்கள் அமைந்துள்ளன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய தமிழ் ஊர்களும் உள்ளன. கிழக்கே கடல், மேற்கே வயல். இவ்விரண்டிற்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணற்றரையிலே வீடுகள் நெருங்கி நிற்கின்றன. கடலும் வயலும் கடையும் தறியும் அரசாங்க உத்தியோகமும் இவ்வூர்களுக்குச் சோறு போடுகின்றன. அச்சோற்றைப் பிள்ளையின் படிப்பாக மாற்றுவது தாயின் கை.

சுபஹுத் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும்போதே பல வீடுகளின் குசினியில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். தொழுது முடிந்ததும் தாய் மாவைக் குழைத்து, தேங்காய்ப்பூவைக் கலந்து, புட்டை அவிய வைக்கிறாள். முதல்நாள் மீனாணம் எஞ்சியிருந்தால் அதனைச் சூடாக்குகிறாள். இல்லையெனில் சம்பல் ஒன்று அரைபடுகிறது. மூத்த மகளின் தலைமறைப்பை நேராக்க வேண்டும். இளையவனின் சப்பாத்துக்களுள் ஒன்றைக் கட்டிலின் கீழிருந்து தேடி எடுக்க வேண்டும். கணக்குக் கொப்பி முடிந்துவிட்டது என்ற செய்தியை நடுவிலான் அந்த வேளையிலேதான் வெளியிடுவான். ஒன்றரை மணி நேரத்துள் இவ்வளவும் நிறைவேறிப் பிள்ளைகள் படலையைத் தாண்டிச் சென்ற பின்னரே, ஆறிப்போன தேநீரை அவள் குடிக்கிறாள்.

அவர்கள் திரும்பிவருமுன் சோறு ஆகவேண்டும். மீன் வாங்கி, கழுவி, ஆணம் காய்ச்ச வேண்டும். பிள்ளைகள் வந்ததும் வெள்ளைச் சீருடைகளைத் துவைக்க வேண்டும். இரண்டு சீருடைகளே உள்ள வீட்டில் அன்றைய துவையல் மறுநாளைக்குள் உலர்ந்தாக வேண்டும். வெயிற் காலத்தில் அது சிறிய வேலை. ஐப்பசி தொடங்கி வாடைக் காற்றோடு மழை கொட்டும் மாதங்களில், அடுப்பின் மேலே கயிறு கட்டிச் சட்டையை உலர்த்தும் தாய்மார்களை இக்கரையெங்கும் காணலாம். அஸருக்குப் பின் ஓதப்பள்ளி. மஃரிபுக்குப் பின் பாடம். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பிள்ளையின் பக்கத்தில் வந்து அமர்கிறாள். உயர்வகுப்புக் கணிதம் அவளுக்கு விளங்காதிருக்கலாம். எனினும், "படி" என்று சொல்லிவிட்டுப் போவது வேறு. படித்து முடியும்வரை அருகில் இருப்பது வேறு.

நோன்பு மாதம் வந்தால் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை; தாய்க்கோ வேலை இரட்டிப்பு. ஸஹருக்கு அனைவர்க்கும் முன்னதாக எழுவதும், நாள் முழுதும் வீட்டிலிருக்கும் பிள்ளைகளைக் கொப்பியோடும் குர்ஆனோடும் தொடர்பு அறாமற் காப்பதும் அவள் பொறுப்பாகின்றன. பள்ளிவாசலிலிருந்து கஞ்சி கொண்டுவரச் சட்டியுடன் ஓடும் சிறுவனைக் காண்போர் மகிழ்வர். அச்சட்டியைக் கழுவிக் கையிற் கொடுத்தவளை யார் காண்கின்றனர்?

இவ்வளவையும் தனியொருத்தி எவ்வாறு தாங்குகிறாள் என்ற வினாவுக்கு, இக்கரையின் பழைய வழக்கமொன்று விடை தருகிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் முஸ்லிம்களும் தமிழர்களும் தாய்வழியாகவே குடி எண்ணுகின்றனர். தாயின் குடியே பிள்ளையின் குடி. திருமணம் முடிந்ததும் மணமகன் மணமகளின் வீட்டுக்கு வருகிறான். மணமகள் தன் பிறந்த வீட்டைவிட்டுப் போவதில்லை. மூத்த மகளுக்குத் தாம் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவிலோ அயலிலோ இன்னொரு வீட்டிற் குடியேறுவர். ஆதலால் ஒரு தாய்க்குப் பக்கத்து வீட்டில் அவளுடைய உம்மா இருக்கிறாள். வேலிக்கு அப்பால் தங்கை இருக்கிறாள். ஒருத்தி நோயுற்றால் மற்றவள் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறாள். சாச்சியின் வீட்டில் இருந்து படித்தேன், உம்மம்மாவின் மடியில் எழுத்துப் பழகினேன் என்று சொல்லும் உத்தியோகத்தர்கள் இவ்வூர்களிற் பலர். பாடசாலைக்கு முன்னமே தோன்றிய பாடசாலை அது.

எனினும் அந்த வீடு இலவசமாக வருவதன்று. மகள் பிறந்த நாள் முதல் அவளுக்கொரு வீடு கட்டவேண்டும் என்ற கவலையும் பிறக்கிறது. மணமகன் கொடுக்கும் மஹரையே மார்க்கம் கடமையாக்கியிருக்க, பெண் வீட்டாரே வீடும் சீதனமும் தேடும் நிலை நீண்டகாலமாக நிலவுகிறது. தந்தையும் சகோதரர்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சுவர் எழுப்புகின்றனர். வளவுகளோ தலைமுறைதோறும் மகள்மாருக்குப் பிரிபட்டுப் பிரிபட்டுச் சிறுத்துவிட்டன. மேற்கே நகர வயல் விடாது. கிழக்கே நகரக் கடல் விடாது.

இங்கேதான் தாயின் கணக்கு கடினமாகிறது. பாடசாலை ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும். பெரும்போக நெல் மாசி பங்குனியிலேதான் வீட்டுக்கு வரும். ஜனவரியிற் கடலும் கொந்தளிப்பாக இருக்கும். தோணிகள் பல நாள் கரையில் கிடக்கும். கொப்பி, சப்பாத்து, புத்தகப் பை ஆகிய செலவுகள் கை வறண்ட அம்மாதத்திலேயே வந்து நிற்கின்றன. சீட்டுப் பணமும், வேண்டுமானால் அடகுக் கடைக்குச் செல்லும் காப்பும் அப்பொழுது உதவுகின்றன. மூத்த மகளின் வீட்டுக்குச் சீமெந்து வாங்குவதா, அவளுடைய வகுப்புக்குப் பணம் கட்டுவதா என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. விடை தவறினால் இழப்பது ஒரு பெண்ணின் வாழ்நாள்.

முற்காலத்தில் அவ்விடை எளிதாக இருந்தது. பெண் பிள்ளை பருவமடைந்ததும் படிப்பை நிறுத்திவிடுவர். அறிஞர் சித்திலெப்பை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை அமைத்தபோது, அது துணிகரமான செயலாகக் கருதப்பட்டது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்முனையில் 1949இல் ஸாஹிறாக் கல்லூரி தோன்றியது. பின்னர், 1970 முதல் 1977 வரையும் கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயரால் வழங்கும் மஹ்மூத் மகளிர் கல்லூரி பெண்களுக்கெனக் கதவு திறந்தது. 1980 முதல் பாடநூல்களும், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாயின. இன்று ஒலுவிலில் அமைந்துள்ள, 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வீட்டிலிருந்தே பல்கலைக்கழகம் போய்வர முடியும் என்றான பின், தயங்கி நின்ற எத்தனையோ வாப்பாமார் மகளை அனுப்ப இசைந்தனர். 1998 முதல் 14 வயது வரைக்கும், 2016 முதல் 16 வயது வரைக்கும் பாடசாலைக் கல்வி சட்டத்தினாற் கட்டாயமாயிற்று. சட்டம் பிள்ளையைப் பாடசாலைக்கு அழைக்கிறது. பிள்ளையை வாசல்வரை கொண்டுவந்து விடுபவள் தாய்.

தாயின் வீட்டுக்கு நேர்ந்த பேரிடியையும் இங்கே குறிப்பிடாதிருத்தல் இயலாது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீதிகள் இருந்த இடம் தெரியாமற் போயின. பாடசாலைகளே அகதி முகாம்களாயின. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என முதலில் அரசாங்கம் விதித்தது. நிலம் அருகிய இவ்வூர்களில் அது பெருந்துயராயிற்று. புதிய வீடுகள் வழங்கப்பெற்றபோது, குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆண்களின் பெயருக்கே பல பதிவாயின. பெண்ணுக்கே வீடு என்ற தலைமுறை வழக்கம் அந்தப் படிவங்களில் இடம்பெறவில்லை. பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் அதனை எடுத்துக்காட்டினர். பத்திரத்திற் பெயர் மாறியது ஒரு குறை. பல குடும்பங்கள் பழைய அயலைவிட்டுத் தொலைவிற் குடியேறியதால், வேலிக்கு அப்பாலிருந்த உம்மாவும் தங்கையும் இல்லாமற் போனது மற்றொரு குறை. வீடு கிடைத்தது, வீட்டைத் தாங்கிய கைகள் கிடைக்கவில்லை.

வறுமையினால் வெளிநாடு சென்ற தாய்மாரின் நிலையும் அத்தகையதே. 1970களின் இறுதி தொடங்கி மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றவர்களுள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் பலர். சிறு பிள்ளைகளின் தாய்மார் செல்வதைக் கட்டுப்படுத்தும் குடும்பப் பின்னணி அறிக்கை 2013இல் அறிமுகமாயிற்று. ஆனால், அறிக்கை கேட்டதாற் பசி தீர்ந்துவிடாது. அவ்வீடுகளிற் பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தனர் என்றால், பெரும்பாலும் உம்மம்மாவும் சாச்சியும் இருந்தமையினாலேயே தொடர்ந்தனர்.

2020 மார்ச்சிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை முழுவதுமே குசினிக்கு அருகில் வந்து சேர்ந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி. மூவருக்கும் ஒரே நேரத்தில் பாடம். யாருக்கு எப்பொழுது கொடுப்பது என்று நீதி வழங்கியவள் தாய். 2022இற் சமையல் எரிவாயு கிடைக்காதபோது விறகடுப்புக்கு மீண்டவளும் அவளே. அந்த இரண்டு ஆண்டுகளிலும் கல்வி முற்றாக அறுந்துவிடாமற் காத்தவர்களின் பட்டியலை யாரேனும் எழுதினால், முதற் பக்கத்தில் இடம்பெற வேண்டியவர்கள் தாய்மாரே.

நேயர்களே, தாயைப் புகழ்வது எளிது. தாயின் காலடியிற் சுவர்க்கம் என்று மேடையிற் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து தண்ணீர்க் கோப்பையை நீட்டும்படி அவளையே ஏவுவது அதனினும் எளிது. வேண்டுவது புகழன்று, பங்கு.

முதலாவது, வாப்பாமார் பங்கேற்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்து, வீட்டாரின் வேலைகளில் உதவினார்கள் என்பது ஹதீஸ் நூல்கள் கூறும் செய்தி. மஃரிபுக்குப் பின் அரை மணி நேரம் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பார்ப்பதால் எந்த ஆண்மகனின் மதிப்பும் குறைந்துவிடாது. இரண்டாவது, ஆண் பிள்ளைகளும் தாம் உண்ட பாத்திரத்தைக் கழுவவும், தம் சட்டையைத் தாமே துவைக்கவும் பழக வேண்டும். ராத்தா துவைத்துக்கொண்டிருக்கக் காக்கா படித்துக்கொண்டிருக்கும் வீட்டில், இருவருக்கும் ஒரே கல்வி கிடைப்பதாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, தனியார் வகுப்புக்களுக்கு ஓர் எல்லை வேண்டும். தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சைக்காகச் சிறு பிள்ளையை வகுப்பு விட்டு வகுப்புக்கு ஏற்றி இறக்கும் தாய், ஈற்றில் தாயாக இருக்க நேரமின்றிப் பரீட்சைக் கண்காணிப்பாளராக மாறிவிடுகிறாள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதில் ஓதலோடு சற்று விளையாட்டும் இருக்கட்டும். நான்காவது, பாடசாலைகள் தாயை அழைக்கும் முறை மாற வேண்டும். பிள்ளை பிழை செய்த நாளில் மட்டும் அவளை வரவழைப்பதை விடுத்து, நன்மை செய்த நாளிலும் வரவழைத்துச் சொல்லலாம். கூட்டம் வைக்கும் நேரம் உலை கொதிக்கும் நேரமாக இல்லாதிருப்பது நன்று.

இறுதியாக, மகளுக்கு வீடு கட்டும் பெற்றோருக்கு ஒரு சொல். வீடு வேண்டாம் என்று யாரும் கூறார். இக்கரையின் பெண்களுக்கு அது தலைமுறைகளாகக் கிடைத்துவந்த பலம். ஆயினும், சுவருக்கு ஒதுக்கும் பணத்தை எண்ணும்போது படிப்புக்கு ஒதுக்குவதையும் அதே வரியில் எண்ண வேண்டும். படித்த மகள் அந்த வீட்டில் தாயாகும்போது, அவளுடைய பிள்ளை விளங்காத கணக்கோடு வந்து பக்கத்தில் அமரும். அன்று அவள் அருகில் இருப்பதோடு நின்றுவிடமாட்டாள். பென்சிலை வாங்கிக் கணக்கைப் போட்டுக் காட்டுவாள். மகளுக்குக் கொடுக்கும் வீடு நிறைவு பெறுவது அப்பொழுதுதான்.