பச்ச உடம்புக்காரி வாயைத் திறக்கட்டும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவதுதான் படிச்சிருக்கேன். தப்பிருந்தா மன்னிக்கணும்.

எனக்கு ரெண்டாவது பிரசவம் ஆன ஏழாம் நாள் நர்சம்மா வீட்டுக்கு வந்தாங்க. "எப்படிம்மா இருக்கே?" என்று என்னைத்தான் கேட்டாங்க. என் மாமியார் முந்திக்கிட்டு, "நல்லா இருக்கா, புள்ளையும் நல்லா பால் குடிக்குது" என்று சொல்லிட்டாங்க. நானும் தலையாட்டினேன். ஆனா முதல் நாள் ராத்திரியே எனக்குக் குளிர்காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் வலி, கெட்ட வாடை. பெரியவங்க எதிரில் சொல்ல வெட்கம். மாமியாரும் கெட்டவங்க இல்லை, தினமும் பூண்டுக் குழம்பு வெச்சுக் கொடுத்தவங்கதான்.

நர்சம்மா கிளம்பும்போது என் கையைத் தொட்டாங்க. சுட்டுது. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. தையலில் சீழ் பிடிச்சிருந்தது. ஐந்து நாள் ஊசி போட்டுத்தான் தேறினேன்.

பிறகு அவங்க சொன்னாங்க: "ரத்தப்போக்கு, காய்ச்சல், பிரஷர், குழந்தை எடை, இதெல்லாம்தான் நாங்க முதல்ல பார்ப்போம். நீ வாயைத் திறக்காட்டி மத்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?" அவங்க சொன்னது சரி. ஆனா எனக்குத் தேவைப்பட்டது இன்னும் சிலது. ரெண்டு மணி நேரத் தூக்கம். பத்தியம்னு அளந்து கொடுக்காம வேணுங்கிற தண்ணி. காரணமில்லாம அழுகை வந்தப்ப பக்கத்தில் உட்கார ஒரு ஆள்.

ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனா 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து தாயையும் குழந்தையையும் பார்க்கணும்னு அரசுத் திட்டம் இருக்கு. அந்த நாட்களைக் காலண்டரில் குறிச்சு வைங்க. ரத்தம் நிக்காமப் போனா, வலிப்பு வந்தா, தலைவலியோட கண் மங்கினா அந்த நாளுக்காகக் காத்திருக்காதீங்க. உடனே 108-க்கு போன் பண்ணுங்க. மலையில் தூரத்துச் சிற்றூரில் இருக்கிறவங்க இன்னும் சீக்கிரமாவே கூப்பிடணும், வண்டி வந்து சேர நேரமாகும்.

குழுவில் யார் வீட்டில் பிரசவம் ஆனாலும், நர்சம்மா வர்ற அன்னைக்கு நம்மில் ஒருத்தர் போகணும். "அத்தை, வாங்க, காபி போடலாம்" என்று மாமியாரை அடுப்படிக்குக் கூட்டிப் போங்க. பத்து நிமிஷம் அந்தப் பொண்ணும் நர்சம்மாவும் தனியாப் பேசட்டும். இதுக்குப் பணம் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம்.

நாளைக்கு நாமும் மாமியார் ஆவோம். அன்னைக்கு மருமகளைக் கேட்டா மருமகளே பதில் சொல்லட்டும்.