பெண் மக்களும் மகளிரியற் கல்வியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண் மக்களின் கல்வியைப் பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எனக்குப் பணித்தனர். பெண்கள் கற்றல் வேண்டுமா என்னும் வினா இன்று நம்மிடையே இல்லை. எதனைக் கற்பது என்பதே இன்றுள்ள வினா. பொறியியல் என்றால் தந்தையர் முகம் மலர்கின்றது. வணிகவியல் என்றால் தலை அசைகின்றது. மகளிரியல் என்றாலோ, "அஃது யாது? ஆடவரை ஏசுதற்கு ஒரு கல்வியா? கற்றால் வேலை கிடைக்குமா?" என்கின்றனர். இவற்றிற்கு யான் அறிந்த அளவில் விடை கூற முயல்வேன்.

இக்கல்வி தனித்துறையாக அமைந்தது அண்மைக் காலத்தேதான். அமெரிக்க நாட்டில் சான் டியாகோ மாநிலக் கல்லூரியில் 1970இல் இதற்குத் தனிப் பாடத்திட்டம் வகுத்தனர். நம் நாட்டில் 1971இல் அரசினர் அமைத்த குழு பெண்களின் நிலையை ஆராய்ந்து, 1974இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1901இல் ஆயிரம் ஆடவர்க்கு 972ஆக இருந்த பெண்கள் தொகை, 1971இல் 930ஆகக் குறைந்திருந்தது. நாடு உரிமை பெற்றது, பள்ளிகள் பெருகின, பெண்களின் விகிதமோ குறைந்தது! இதன் காரணத்தை ஆராயவேண்டுமென்று கற்றோர் உணர்ந்தனர். 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை இத்துறைக்கு ஊக்கம் அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வு மையங்களை அமைக்கத் துணை நின்றது. நம் சோழநாட்டார்க்கு அணித்தாய் உள்ள திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு.

பெயர் புதிதேயாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. நம் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டொன்றை நோக்குமின்! முதலாம் இராசராசன் சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றினின்றும் 400 தளிச்சேரிப் பெண்டுகளை வருவித்துக் குடியேற்றினான். அவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். இவள் இன்ன பெயரினள், இன்ன கோயிலினின்று வந்தவள், இன்ன சிறகில் இத்தனையாம் மனையில் இருப்பவள் என்று கல்லிற் பொறித்து வைத்தான். ஆயிரம் ஆண்டு கழிந்தும் அப்பெயர்கள் அழிந்தில. கோயிலின் உயரத்தை அளந்து வியக்கின்ற நாம், அப்பெயர்களை ஒருமுறையேனும் படித்ததுண்டா? படிக்கச் செய்வது யாதோ அதுவே மகளிரியல்.

நிற்க. கோயிலைச் சார்ந்து வாழ்ந்த மகளிரின் மரபு பிற்காலத்தில் தாழ்வுற்றது. அது பற்றி நம் பக்கத்துப் பெண்மணிகள் இருவர் குரல் எழுப்பினர். புதுக்கோட்டையிற் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் சென்று அதனைக் கண்டித்ததோடு, 1936இல் நாவலும் எழுதினார். திருவையாற்றில் தியாகையர் சமாதிக்குத் தம் பொருளாற் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம் அம்மையாரோ, தம் குலத்து மகளிரின் கலையும் உடைமையும் பறிபோகும் என்று அச்சட்ட முயற்சியை எதிர்த்தார். 1947இல் சட்டம் நிறைவேறியது. மூவரும் அவ்வாழ்வை அணுகியறிந்தவர். ஆயினும் மூவர் கருத்தும் ஒன்றாயில்லை. ஒருவரைப் புகழ்ந்து ஏனையோரை மறத்தல் எளிது. மூவர் சொல்லையும் செவிமடுத்து, அவரவர் எதனை இழந்தனர், எதனைப் பெற்றனர் என நிறுத்துப் பார்த்தலே கல்வி. இஃது ஆடவரை ஏசுதல் ஆகுமா?

இனி, நம் வயற்புறத்திற்கு வருவோம். குறுவையிலும் சம்பாவிலும் தாளடியிலும் சேற்றில் நின்று குனிந்து நாற்று நட்டவர் யார்? களை பறித்தவர் யார்? பெண்களே அல்லரோ? ஆயினும், "விவசாயி யார்?" என்று கேட்பின் பட்டாவிற் பெயருடைய ஆடவரையே காட்டுகின்றோம். நடவு இயந்திரம் வந்தபோது முதலில் வேலை இழந்தவர் யார் என்று யாரேனும் எழுதி வைத்தோமா? பிறந்த வீட்டுப் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனையொப்பப் பங்குண்டென்று தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுமைக்கும் 2005இலும் சட்டம் வந்தது. நம் வீடுகளிலோ, "சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி, பதிவு அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று, கையொப்பம் வாங்கிக்கொள்கின்றோம். அவ்வோலைக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! யாருக்கு விடுதலை, எதனினின்று விடுதலை என்று அப்பெண் கேட்பதில்லை. அண்ணன் வீட்டுப் படி ஏறும் உரிமை போய்விடுமோ என்று அஞ்சுகின்றாள். அவ்வச்சத்தின் வேரைச் சட்டநூல் மட்டும் காட்டாது.

வேலை கிடைக்குமா என்பீரேல், மெய்யே கூறுவேன். பொறியியலார் போல உடனே பெருஞ்சம்பளம் பெறுதல் அரிது. ஆசிரியப் பணி, ஆராய்ச்சி, சமூகநலப் பணி, தொண்டு நிறுவனங்கள் என வழிகள் சில உண்டு. வேறு பாடத்தோடு இதனையும் ஒரு பகுதியாகக் கற்றல் பலர்க்கு ஏற்றதாகும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்று கல்லூரி புகும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் திட்டம், இராமாமிர்தம் அம்மையார் பெயராலேயே 2022இல் தொடங்கப்பெற்றது. நம் ஆண் பிள்ளைகளும் இதனைக் கற்கவேண்டும் என்பேன். பத்திரத்தில் ஒப்பம் இடுபவள் தங்கையாயினும், வாங்குபவன் அண்ணன் அன்றோ?

இறுதியாகச் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் குடும்பப் பதிவேட்டில் ஆடவர் பெயரே தலைப்பெயராய் உளது. பெண்டிரை, "மனைவி", "மகள் இருவர்" என எண்ணி மட்டும் வைத்துள்ளோம். பழஞ்சோழன் தன் கல்லில் நானூறு பெண்களின் பெயரைப் பொறித்தான். நம் தாளில் நம் தாயர் பெயருக்கு இடமில்லையா? வரும் ஆண்டுப் பதிவில் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும், கல்வியையும், தொழிலையும் தனித்தனியே எழுதுமாறு இப்பேரவை தீர்மானித்தல் வேண்டும். அப்பணியை நம் கல்லூரி மாணவியரிடமே ஒப்புவித்தால், மகளிரியல் இன்னதென்று அவர்களே நமக்குக் கற்பிப்பர்.