வேதமா, மரபா?

இறந்துபோன தாய்க்காக மகன் ஜெபிக்கலாமா? கத்தோலிக்கர் ‘ஆம்’ என்பார். பெரும்பாலான புரோட்டஸ்டன்டுகள், ‘வேதத்தில் ஆதாரம் எங்கே?’ என்பர்.

மக்கபேயர் இரண்டாம் நூல் 12-ஆம் அதிகாரத்தில் அத்தகைய ஜெபம் உண்டு. ஆனால் அந்நூல் கத்தோலிக்கரின் 73 நூல்களில் இருக்கிறது. புரோட்டஸ்டன்டுகளின் 66-ல் இல்லை. 1534-ல் மார்ட்டின் லூத்தர் தமது ஜெர்மன் பைபிளில் அதைத் தனியே ஒதுக்கி வைத்தார். 1546-ல் திரெந்து பொதுச்சங்கம் அதை வேதநூல் என்று உறுதிசெய்தது. மரபையும் வேதத்துக்கு இணையாகப் போற்றியது.

‘வேதநூல்களின் பட்டியல் வேதத்துக்குள் இல்லையே, தந்தது திருச்சபைதானே?’ என்கிறார் கத்தோலிக்கர். ‘திருச்சபை அடையாளம் கண்டது, அதிகாரம் கொடுக்கவில்லை’ என்கிறார் மற்றவர்.

ஆகவே, கல்லறை முன் வசனம் கேட்டு வாதாடும் முன், இருவர் கையிலும் ஒரே பைபிளா என்று பாருங்கள்.