துணியின் குணமும் தையலும்



தையல் சுருங்கினால் கம்பெனியில் முதலில் திட்டு வாங்குபவர் டெய்லர்தான். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் என்றால், பிரித்துத் தைக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி கிடையாது. ஆனால் பல நேரம் காரணம் துணியின் குணத்தில் இருக்கிறது.

திருப்பூர் பனியன் துணியை எடுத்துக்கொள்வோம். அது பாவும் ஊடையுமாக நெய்த துணி அல்ல. கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி. கூர்மையான ஊசி கண்ணியின் நூலை அறுத்துவிடும். அன்று ஓட்டை தெரியாது. இரண்டு முறை துவைத்த பிறகு தெரியும். அதனால்தான் பனியனுக்கு முனை உருண்ட ஊசி போடுகிறார்கள். அது நூலைக் குத்தாமல், விலக்கிக்கொண்டு இறங்கும். தேய்ந்துபோன ஊசி வேறு. அது எந்தத் துணிக்கும் ஆகாது.

சூரத்திலிருந்து வரும் பாலியெஸ்டர் வேறு ரகம். மிஷின் வேகமாக ஓடினால் ஊசி சூடாகும். இழை உருகி ஊசிக் காதில் ஒட்டும். நூல் அறும். வேகத்தைக் குறைத்தால் சரியாகும். அவசரப்படும் சூப்பர்வைசருக்கு இது பிடிக்காதுதான்!

நெருக்கமாக நெய்த மெல்லிய துணியில் தையல் நூலுக்கு இடம் இல்லை. அதனால் சுருங்குகிறது. 9 அல்லது 11ஆம் எண் ஊசியும் மெல்லிய நூலும் போட வேண்டும். நூல் இறுக்கத்தையும் தளர்த்த வேண்டும். ஜீன்ஸ் துணிக்கு 16, 18 வேண்டும்.

புதுத் துணி வந்ததும் வெட்டுத் துண்டில் ஒரு சாண் தைத்து, இழுத்துப் பார்க்க வேண்டும். நூறு உருப்படி தைத்த பிறகு சொன்னால் சாக்கு என்பார்கள். முதலிலேயே அந்தத் துண்டைக் காட்டிவிட்டால், சரியான ஊசியைத் தருவது கம்பெனியின் பொறுப்பு.