திரையன் ஏரிக்கு ஓர் ஆற்றுப்படை



காஞ்சிக்கு வருவோர் பலர். பட்டெடுக்க வருவோர் ஒருசாரார். கோயில் காண வருவோர் ஒருசாரார். இரண்டையும் ஒரு பகலில் முடித்துக்கொண்டு மாலையில் ஊர் திரும்புவோரே மிகுதி. அவர்தம் கையிலுள்ள வழிகாட்டி நூல்கள் கயிலாசநாதர் கோயிலைச் சொல்லும். வைகுந்தப் பெருமாள் கோயிலைச் சொல்லும். ஏகம்பத்தையும் வரதரையும் காமாட்சியம்மனையும் சொல்லிப் பட்டுக்கடைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். வாலாஜாபாத்திற்கு வடகிழக்கே ஒரு பேரேரியின் கரையில் தென்னேரி என்றோர் ஊர் இருப்பதைச் சொல்லுவன அரிது.

தமிழில் வழிகாட்டி நூலுக்கு வறுமை இல்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படையே. அவற்றுள் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, 500 அடிகளில், வறிய பாணன் ஒருவனைக் கச்சியிலிருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்துகிறது. அப்பாட்டு காஞ்சியை எடுத்த எடுப்பில் காட்டுவதில்லை. உப்பு வணிகர் வண்டிகள் செல்லும் வழியையும், மிளகுப்பொதி சுமந்த கழுதைகளுடன் வணிகர் செல்லும் சுங்கப் பெருவழியையும் முதலில் காட்டுகிறது. அவன் நாட்டில் வழிப்பறி இல்லை என்று பாணனின் அச்சத்தைப் போக்குகிறது. பின்னர் ஊர் ஊராக அழைத்துச் செல்கிறது.

ஒவ்வோர் ஊரிலும் அது காட்டும் சிறப்பு எது? மாடமன்று, மண்டபமன்று, சோறு. எயினர் குடியிருப்பில், எறும்புப் புற்றில் கிளறி எடுத்த புல்லரிசியைக் குத்திச் சமைத்த சோறும் உப்புக்கண்டமும். ஆயர் குடியில் பாலொடு தினைச்சோறு. உழவர் மனையில் வெண்ணெல் சோறும் கோழிப் பொரியலும். வலைஞர் இல்லில் மீனும் நறவும். மறையவர் இருக்கையில், மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும். அதன்பின் நீர்ப்பெயற்றுத் துறையும் அங்குள்ள கலங்கரை விளக்கமும். அதன்பின் திருவெஃகாவில் பாம்பணைமேல் பள்ளிகொண்ட திருமால். இவ்வளவும் கடந்தபிறகே, நெடியோன் கொப்பூழ்த் தாமரையின் பொகுட்டுப் போன்ற கச்சி மூதூர். ஊரைக் காண்பது என்றால் அங்கு வாழ்வார் என்ன உண்கின்றனர், வருவார்க்கு என்ன ஈகின்றனர் என்று காண்பதே என்னும் கொள்கை இதில் இருக்கிறது. சுற்றுலாத் துறையினர் ஒருமுறை இப்பாட்டைப் படித்துப் பார்க்கலாம்.

இப்பாட்டின் தலைவனுக்கும் தென்னேரிக்கும் உள்ள உறவு ஒரு பெயரளவில் நிற்பது. திரையன் ஏரி என்பது திரையனேரியாகி, அதுவே தென்னேரி எனத் தேய்ந்தது என்பர் ஊர்ப்பெயர் ஆய்ந்த அறிஞர். திரையன் என்னும் பெயருக்கு நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். நாகர் மகளுக்கும் சோழனுக்கும் பிறந்த மகன் தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடப்பட்டான். திரை அவனைக் கரை சேர்த்தது. திரை தந்தமையின் திரையன் ஆனான். பெயர் தேய்ந்தபோது அந்தத் திரையும் மறைந்தது. தென்னேரி என்று கேட்பவர் தெற்கிலுள்ள ஏரி என்றே பொருள் கொள்வர். எதற்குத் தெற்கு என்று கேட்டால் விடை வராது!

ஏரியை வெட்டியவன் இளந்திரையனே என நாட்ட அவன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையும் இவ்வேரியைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆதலால் இதனை முடிந்த வரலாறாகக் கொள்வது தகாது. ஆயினும் புறநானூற்றில் 185ஆம் பாட்டு இவன் பெயரால் நிற்கிறது. ஆட்சியை ஒரு வண்டியாகவும் அரசனை அதனை ஓட்டுபவனாகவும் கண்டு, ஓட்டத் தெரியாதவன் கையில் அது பகையென்னும் சேற்றில் ஆழும் என்று எச்சரிக்கும் பாட்டு அது. சேற்றையும் சக்கரத்தையும் அறிந்த ஒருவனின் பெயர் ஏரியொன்றில் ஒட்டிக்கொண்டது பொருத்தமே.

சோழர் காலத்தில் இவ்வூர் உத்தமசோழச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் மாறியது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான ஊற்றுக்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்தது. அரசர் இட்ட நெடும்பெயர் கந்தளீசுவரர் கோயிற் கல்லோடு நின்றுவிட, மக்கள் வாயில் ஏரிப்பெயரே தங்கியது. ஏரி இன்றும் மாவட்டத்தின் பேரேரிகளுள் ஒன்று. கரைமேல் நின்றால் ஒருபக்கம் நீர்ப்பரப்பும் மறுபக்கம் வயலும் தெரியும். மதகும் கலங்கலும் எங்குள்ளன என்று அறியாதவர் இவ்வூரைக் கண்டவராகார்.

தென்னேரிக்குச் செல்பவர் அண்டையூர்களையும் காணலாம். அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை வழியாகச் சென்றால் நெசவாளர் தெருக்களைக் கடந்தே செல்ல வேண்டும். கோர்வைச் சேலைக்கு உடலும் இருகரையும் தனித்தனி நாடாக்களால் நெய்யப்படுவதைத் தறியருகே நின்று பார்த்தவர், கடையில் விலை பேசத் தயங்குவர். தெற்கே பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடல். அங்குப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திரன் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் 15 படுக்கைகளோடு இயங்கிய ஆதுலர் சாலையைச் சொல்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஊதியத்தையும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயரையும் அது குறிக்கிறது. பெருமன்னரின் போர்வெற்றிகளை மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு இந்தப் 15 படுக்கைகளை யாரும் சொல்லித் தருவதில்லை.

இன்று ஒருவர் ஆற்றுப்படை பாடப் புகுந்தால் வழி வேறாகத்தான் இருக்கும். உப்பு வண்டிக்கு ஈடாக, கிழக்கே ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து மகிழுந்துகளை ஏற்றிவரும் நீண்ட லாரிகள். வடமேற்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாம் விமான நிலையம் அமையும் என 2022ஆம் ஆண்டு ஆகத்தில் அறிவிப்பு வந்தது. வயலையும் நீர்நிலைகளையும் இழக்க நேரும் என்று ஏகனாபுரத்து மக்கள் எதிர்த்துக் கிராம சபையில் தீர்மானம் இயற்றினர். தென்னேரி அத்திட்ட ஊர்களுள் ஒன்றன்று. எனினும் இப்பகுதி ஏரிகள் தனித்தனித் தீவுகள் அல்ல. மேலே உள்ள ஏரி நிறைந்து வழிந்தால் கீழே உள்ளது நிறையும். ஒன்று தூர்ந்தால் அடுத்ததற்கு வரும் நீர் வழி தப்பும். நிலவரைபடத்தில் வெற்றிடமாகத் தோன்றும் இடம் கால்வாயாக இருக்கலாம். பாட்டெழுதுவோர் வெற்றிடம் எதுவென்று பார்த்தறிந்து எழுதினால், வரைபடம் எழுதுவோர்க்கும் அது ஒரு சான்றாகும்.

செல்ல விரும்புவோர்க்குத் தைத்திங்கள் ஏற்றது. பெரும்பாலும் ஏரியில் நீர் இருக்கும், வயலில் கதிர் இருக்கும். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரத்து மலைக்கு எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் செல்வது வழக்கம். அன்று விடியலில் தென்னேரிக் கரையைப் பார்த்துவிட்டு வாலாஜாபாத் வழியாகத் தெற்கே இறங்கினால், பழையசீவரத்தில் பெருமாள் இருக்கும்போதே சென்று சேரலாம். உணவு கட்டிக்கொண்டு போவது நல்லது.