சாப்பாட்டு நேரமும் உடம்புக் கடிகாரமும்

(சங்கக் கூட்டத்தில் பேசியது)

பேங்கில் கணக்கு எழுதியவனுக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்பீர்கள். இரண்டு பேரேடு ஒத்துப்போகாவிட்டால் என்ன பாடு என்பது தெரியும். இதுவும் அதே சமாச்சாரம்தான்.

உடம்பில் கடிகாரம் ஒன்றல்ல, பல. மூளையில் இருப்பது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. கல்லீரலில் இருப்பது சாப்பாட்டு நேரத்தையும் பார்க்கிறது. சுண்டெலி ராத்திரியில் தின்னும் பிராணி. 2000-இல் ஜெனீவா விஞ்ஞானிகள் அதற்குப் பகலில் மட்டும் தீனி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் போல ஆனதும் கல்லீரல் கடிகாரம் தலைகீழாகிவிட்டது. மூளைக் கடிகாரம் அசையவில்லை. ஒரே உடம்பில் இரண்டு நேரம்!

2012-இல் ஒடிசாக்காரர் சச்சிதானந்த பாண்டாவின் குழு அமெரிக்காவில் சுண்டெலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டது. ஒரு கூட்டம் நாள் முழுக்கக் கொறித்தது. இன்னொன்றுக்கு இரவில் 8 மணி நேரம் மட்டும். தின்ற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் கூட்டம் பெருத்தது, ஈரலில் கொழுப்பு சேர்ந்தது. மற்றது பெரும்பாலும் தப்பியது.

எலி வேறு, நாம் வேறு, சரிதான். ஆனால் நம் மங்கலத்தில் தறி ராத்திரியும் ஓடுகிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவரிடம் "நேரத்தோடு சாப்பிடுங்க" என்பது சுலபம், கம்பெனி விட்டால்தானே? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள்.

நம் கையில் இருப்பது ஒன்று. போன ஆண்டு விழாவில் பந்தி போட்டபோது மணி பத்தரை. இந்த முறை ஏழு மணிக்கே இலை போட்டுவிடலாம். பேச்செல்லாம் அப்புறம், என் பேச்சு உட்பட.