சல்லடையும் தோட்டமும்

(பொட்டிபுரத்தில் பெற்றோரும் ஆசிரியரும் இளைஞரும் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்துவடிவம்)



போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிடங்குகளில் பெண்டிர் வரிசையாய் அமர்ந்து காயைத் தரம் பிரிக்கின்றனர். சல்லடையில் தங்குவது பெருங்காய். கீழே விழுவது சிறுகாய். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஒரு விலை. அதனிற் குறைந்ததற்கு வேறு விலை. ஆனால், காயைச் சிறுகாய் ஆக்கியது சல்லடையே என்று அங்கு ஒருவரும் சொல்லார். வேளைக்கு நீர் பாய்ந்ததா, நிழல்மரம் நின்றதா, செடிக்கு நோய் வந்ததா என்று தோட்டத்தைத்தான் உசாவுவர். பள்ளித் தேர்வு என்னும் சல்லடையில் ஒரு பிள்ளை கீழே விழும்போது மட்டும் தோட்டத்தை உசாவுவார் இல்லை. 'மக்கு' என்று காயையே பழிக்கின்றனர். கல்லூரியிற் கற்று, பயிற்சியும் பெற்று, வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருள்ளும் இச்சொல்லை வாய் கூசாமல் வழங்குவோர் உளர்.

அறிவுத்திறன் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் என்பதை மறுப்பார் இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்றுபோல் இரார். ஆயினும், ஒரு தெருவின் பிள்ளைகள் எல்லாரும் மேல்வரிசையிலும், மற்றொரு தெருவின் பிள்ளைகள் எல்லாரும் கீழ்வரிசையிலும் நிற்பாராயின், அது பிறவியின் வேலையன்று, தெருவின் வேலை. அதன் கரணியத்தைத் தெருவிலேதான் தேடல் வேண்டும்.

இம்மலையடிவாரத்துத் தெரு எப்படி விடிகிறது? கிழக்கு வெளுக்குமுன் 'சீப்' என்று மக்கள் வழங்கும் வண்டிகள் வந்து நிற்கின்றன. தாயும், பல வீடுகளில் தந்தையும், தூக்குச்சட்டியுடன் ஏறிப் போடிமெட்டின் வளைவுகளைக் கடந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். நாள் முழுதும் குனிந்து, செடியின் அடியில் தரையோடு படர்ந்த சரங்களிலிருந்து காயெடுத்து, பொழுது சாயத் திரும்புகின்றனர். பிள்ளையை எழுப்புவதற்கும், தலைவாரி அனுப்புவதற்கும், எழுத்துச் சுவடியைப் புரட்டிப் பார்ப்பதற்கும் வீட்டில் ஆள் இல்லை. மூத்த பெண் ஒருத்தி இருப்பாளாயின் அவளே தாய். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குப் பள்ளி இல்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. காயெடுப்பு ஆடியளவில் தொடங்கித் தை, மாசி வரை சுற்றுச் சுற்றாய் நடக்கிறது. பள்ளியாண்டோ சூனில் தொடங்கி ஏப்பிரலில் முடிகிறது. காலாண்டுத் தேர்வும் அரையாண்டுத் தேர்வும் காயெடுப்பின் நட்டநடுவே வருகின்றன. கூலி மிகும் திங்களும் பாடம் மிகும் திங்களும் ஒன்றே! பள்ளியின் நாட்காட்டியை வகுத்தவர் இம்மலையை நினைத்துப் பார்த்தாரல்லர்.

1953ஆம் ஆண்டு இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைத் தமிழகம் மறந்திராது. நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி. எஞ்சிய பொழுது அப்பன் தொழில். குலக்கல்வி என்று நாடே கொதித்தெழுந்தது. 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. மலையடிவாரத்தில் அதற்குச் சட்டமே தேவையில்லை. ஆணையிடுவார் ஒருவருமின்றியே ஏலத்தோட்டம் அதனை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது.

வீட்டு நிலையே மதிப்பெண்ணைப் பெரிதும் வகுக்கிறது என்பது இங்கு மட்டும் கண்ட செய்தியன்று. 1966ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் கோல்மன் என்னும் குமுகவியலார் தலைமையில் ஏறத்தாழ ஆறு இலக்கம் மாணவரை ஆராய்ந்தனர். கட்டடம், கருவி ஆகியவற்றின் வேறுபாட்டைவிடக் குடும்பச் சூழலின் வேறுபாடே கல்வித் தேர்ச்சியோடு மிகுதியும் இயைந்திருக்கக் கண்டனர். இதைக் கேட்டதும், "அப்படியானால் பள்ளி என்ன செய்யும்?" என்று கைவிரிக்கும் சோம்பேறிகளும் உண்டு. அவர்கள் அவ்வாய்வின் மறுபாதியைப் படிப்பதில்லை. வீட்டில் துணையற்ற பிள்ளைக்கே பள்ளியும் நல்லாசிரியரும் மிகுதியாய்ப் பயன்படுகின்றனர் என்பதும் அதே ஆய்வின் முடிவு. செல்வர் வீட்டுப் பிள்ளை ஆசிரியர் இல்லாமலும் தேறிவிடும். கூலிக்காரர் பிள்ளைக்கு ஆசிரியரை விட்டால் வேறு ஆளில்லை.

வயிற்றுச் செய்தியில் தமிழகம் பிறர்க்கு வழிகாட்டி. 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, காமராசர் காலத்து நண்பகல் உணவாய், 1982இல் சத்துணவாய் விரிந்தது. 2022இல் காலையுணவும் வந்தது. விடியுமுன் வண்டியேறும் தாய்க்கு அதன் அருமை தெரியும்.

இனி, தமிழன்பர்கள் ஊன்றிக் கேட்கவேண்டிய செய்தி, பயிற்றுமொழி. 'ஒளிச்சேர்க்கை' என்ற அளவிலேயே மலையடிவாரத்துப் பிள்ளைக்குப் பாதி விளங்கிவிடுகிறது. ஒளியும் அறிந்தது, சேர்க்கையும் அறிந்தது. 'இலைத்துளை' என்றால் படமே வேண்டா. அதனையே ஆங்கில ஒலியாய் உருப்போடச் சொன்னால், பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு ஒலியைச் சுமக்கிறது. 1953இல் ஒன்றிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு அமைப்பு தாய்மொழியே கல்விக்குத் தக்க வாயில் என்று அறிவித்தது. நைசீரியாவின் இஃபே நகரில் 1970இல் ஒரு முயற்சி தொடங்கினர். தொடக்கப்பள்ளியின் ஆறாண்டும் எல்லாப் பாடங்களையும் யொருபா மொழியிலேயே கற்பித்தனர். ஆங்கிலத்தை ஒரு பாடமாக மட்டும் நன்கு கற்பித்தனர். அப்பிள்ளைகள் பாடங்களில் முந்தியதோடு, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை.

தமிழகம் செய்தது என்ன? 1999ஆம் ஆண்டு, ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோ பயிற்றுமொழியாதல் வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மறுவாண்டே உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாது என்றது. 2012ஆம் ஆண்டு தொடங்கி அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. வீட்டில் ஆங்கிலம் கேளாத பிள்ளை, ஆங்கிலம் சரளமாய் வாராத ஆசிரியரிடம், ஆங்கிலத்தில் அறிவியல் கற்கிறது! இதனால் தமிழும் நிறையவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. மேடையில் தமிழ்முழக்கம் செய்துவிட்டு, மறுநாட் காலை தம் பிள்ளையை ஆங்கிலவழிப் பள்ளியூர்தியில் ஏற்றிவிடும் அன்பர்களையும் ஊரார் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.

பின்தங்கல் ஒரே நாளில் நேர்வதன்று. மூன்றாம் வகுப்பில் தட்டுத் தடுமாறிப் படிக்கும் பிள்ளையை ஆறாம் வகுப்பில் 'கணக்கு வாராதவன்' என்கின்றனர். உற்று நோக்கினால் அவனுக்குக் கூட்டலும் பெருக்கலும் வரும். வினாவைப் படித்துப் பொருள்கொள்ளத்தான் வாராது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் வகுத்தது நன்றே. ஆனால், அவ்வெட்டு ஆண்டில் படிக்கக் கற்பியாமல் மேலே தள்ளிவிட்டால், ஒன்பதிலும் பத்திலும் அவன் தானே நின்றுவிடுகிறான். பெண்ணாயின் தாய் ஏறிய அதே வண்டியில் ஏறுகிறாள். பையனாயின் திருப்பூருக்கோ வேறெங்கோ கூலிக்குப் போகிறான். பத்தாண்டு கழித்து அவர்கள் பிள்ளை அதே கடைசி விசிப்பலகையில் வந்து அமர்கிறது.

மேற்படிப்பின் வாயிலிலும் இதே காட்சி. 'நீட்' தேர்வு வந்தபின் மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழி மாணவரின் பங்கு சுருங்கியதை 2021இல் ஏ.கே. இராசன் குழு கணக்கோடு காட்டியது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு செய்ததால் சிலர்க்கேனும் கதவு திறந்தது.

இப்பொட்டிபுரத்தின் பெயர் உலக அறிவியலார் நாவில் வழங்கியதும் உண்டு. அருகிலுள்ள மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய்வதற்கு ஏறத்தாழ 1,500 கோடி உருபாவில் ஆய்வகம் அமைக்க 2015 சனவரியில் நடுவணரசு ஒப்புதல் அளித்தது. மக்கள் எதிர்த்தனர், தமிழக அரசும் 2022இல் உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. மலை காக்கப்படவேண்டும் என்பதில் இருகருத்தில்லை. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. அவ்வாய்வகம் எழுந்திருந்தால், இவ்வூர்ப் பிள்ளை எவ்வாயிலால் உள்ளே சென்றிருக்கும்? ஆய்வாளராகவா, வாயிற்காவலராகவா? அத்துகளின் இயல்பை ஊராரிடம் தமிழில் விளக்கவும், விளைவைத் தட்டிக் கேட்கவும் வல்ல இயற்பியலார் பதின்மர் இவ்வூரிலேயே இருந்திருந்தால், வழக்கின் போக்கே வேறாயிருக்கும்.

ஆகவே, அரசாணைக்குக் காத்திராமல் ஊரார் கையிலேயே உள்ள ஒன்றைச் செய்யலாம். பள்ளி விடுவதற்கும் வண்டிகள் மலையிறங்குவதற்கும் இடையில் இரண்டு மணி நேரம் உண்டு. அந்த இரண்டு மணி நேரம் பள்ளியின் ஒரு கூடமேனும் திறந்திருக்கட்டும். கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞரும் இளம்பெண்டிரும் முறைவைத்து அமரட்டும். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு, நாளுக்கொரு பக்கம் வாய்விட்டுப் படிக்கச் செய்யட்டும். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வரும் அக்காளைத் திருப்பி அனுப்பவேண்டா. குழந்தைக்கு மூலையில் ஒரு பாய் போதும். அடுத்த காயெடுப்புச் சுற்றுத் தொடங்குமுன் இதனைத் தொடங்கிவிடல் வேண்டும்.